ஐஸ் ஹாக்கி அரங்கில் நல்ல ரசிகர் யார்?

ஏப்ரலில் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள் தொடங்கியதும், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல் அணிகள் இருக்கும் ஊர்களில் ஒரு சண்டை தவறாமல் கிளம்பும். கடையில் மடித்து வைத்த கோடுகூடக் கலையாத புது ஜெர்சியோடு வருபவர்களைப் பார்த்துப் பழைய ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். "ஜனவரியில வரிசையா தோத்தப்ப இவங்க எல்லாம் எங்க இருந்தாங்க?" என்பார்கள். ஐஸ் ஹாக்கி உலகில் ஒருவரைப் பேண்ட்வேகன் ரசிகர், அதாவது அணி ஜெயிக்கும்போது மட்டும் ஒட்டிக்கொள்பவர், என்று சொல்லிவிட்டால் அது கிட்டத்தட்ட வசவு.

இந்தச் சண்டை தவறான இடத்தில் நடக்கிறது என்பது என் எண்ணம். ஒருவர் எத்தனை வருடமாக ஓர் அணியைப் பின்தொடர்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். அரங்குக்குள் இருக்கும் இரண்டரை மணி நேரத்தில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் சுற்றி இருப்பவர்களைப் பாதிக்கும். இருபது வருட ரசிகர் மிக மோசமான பக்கத்து இருக்கைக்காரராக இருக்கலாம். நேற்று வந்தவர் அருமையான துணையாக அமையலாம்.

சிகாகோ பிளாக்ஹாக்ஸை எடுத்துக்கொள்வோம். பேண்ட்வேகன் என்றதும் பலரும் முதலில் கைகாட்டுவது அந்த ஊரைத்தான். 2006-07 பருவத்தில் அவர்களுடைய அரங்கில் சராசரிக் கூட்டம் 13,000ஐக்கூடத் தொடவில்லை. அங்கே ஏறக்குறைய 20,000 பேர் உட்காரலாம். அணி மோசமாக ஆடியது ஒரு காரணம். இன்னொரு காரணம் உரிமையாளர் பில் விர்ட்ஸ். சொந்த அரங்கில் நடக்கும் ஆட்டங்களை உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்ட அவர் விடவில்லை. அப்படிக் காட்டினால் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அநியாயம் என்பது அவர் வாதம். 2007 செப்டம்பரில் அவர் இறந்தார். மகன் ராக்கி விர்ட்ஸ் பொறுப்புக்கு வந்ததும் ஆட்டங்கள் வீடுகளுக்கு வந்தன. அதே அக்டோபரில் ஜானதன் டேவ்ஸ், பாட்ரிக் கேன் என்ற இரண்டு இளைஞர்கள் அறிமுகமானார்கள். 2008-09இல் லீகிலேயே அதிகக் கூட்டம் சிகாகோவில்தான். பிறகு 2010, 2013, 2015 என்று மூன்று ஸ்டான்லி கோப்பைகள், அதாவது லீகின் சாம்பியன் பட்டங்கள்.

2006இல் அரங்கில் இல்லாதவர்களில் பலருக்கு அந்த அணியின் சொந்த அரங்க ஆட்டங்களைக் கண்ணால் பார்க்கவே வழியில்லாமல் இருந்தது. உரிமையாளர் மீதிருந்த கோபத்தில் வேண்டுமென்றே ஒதுங்கியிருந்த பழைய ரசிகர்களும் உண்டு. காலியாகக் கிடந்த நாற்காலியை வைத்து அன்பை அளக்க முடியாது.

வெற்றியோடு ஒட்டிக்கொள்வது மனித இயல்பு என்பதை உளவியலாளர்கள் வெகுகாலமாகச் சொல்கிறார்கள். ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. சனிக்கிழமை பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்தால், திங்கட்கிழமை வகுப்புக்குக் கல்லூரிப் பெயர் பொறித்த உடையில் வரும் மாணவர்கள் அதிகம். ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது "நாம்", தோற்ற ஆட்டத்தைச் சொல்லும்போது "அவர்கள்". டேனியல் வானும் நைலா பிரான்ஸ்கோம்பும் 1990இல் ஒரு படி மேலே போனார்கள். அணியோடு ஆழமாகத் தன்னை அடையாளப்படுத்திக்கொண்டவர்கள் தோற்றாலும் விலகுவதில்லை, மேலோட்டமானவர்கள் குளம் வற்றியதும் பறவைபோலப் பறந்துவிடுகிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். பழைய ரசிகர்கள் இதைத் தங்களுக்குக் கிடைத்த சான்றிதழ்போல எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதே ஆழமான அடையாளத்துக்கு இன்னொரு முகம் உண்டு. தோல்வி அவர்களுக்குச் சொந்த அவமானமாக வலிக்கிறது. அந்த வலியைச் சிலர் நடுவர் மீதும் எதிரணி ஜெர்சி போட்டவர் மீதும் இறக்குகிறார்கள்.

வேகாஸ் கோல்டன் நைட்ஸ் விஷயத்தில் இந்தப் பழசு-புதுசு கணக்கே செல்லாது. 2017க்கு முன் அந்த அணி ஓர் ஆட்டம்கூட ஆடியது கிடையாது. ஆக, முதல் நாள் அரங்குக்கு வந்த எல்லோரும் புதியவர்கள்தான். அந்த ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்தது 2017 அக்டோபர் 1. அணியின் முதல் சொந்த அரங்க ஆட்டம் அக்டோபர் 10. அந்தப் பருவம் முடிவதற்குள், அப்போதைய கணக்கில் இறந்த 58 பேரின் நினைவாக 58 என்ற எண்ணை இனி எந்த வீரரும் அணியக்கூடாது என்று அணி ஓய்வு கொடுத்தது. முதல் பருவத்திலேயே இறுதிச்சுற்று, 2023இல் கோப்பை. இந்தக் கூட்டத்தைப் பார்த்து "நேத்து முளைச்சவங்க" என்று சொன்னால், அந்த ஊர் அந்த அணியோடு ஏன் ஒட்டிக்கொண்டது என்பதே புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

மறுபக்கம் வின்னிபெக். 1996இல் அணி ஃபீனிக்ஸுக்குப் போனது. பதினைந்து வருடம் காத்திருந்து 2011இல் அட்லாண்டா அணி அங்கே குடிபெயர்ந்தபோது, பருவ டிக்கெட் 13,000 சில நாட்களுக்குள் விற்றுத் தீர்ந்தது. அதுவும் பல வருட ஒப்பந்தத்தோடு. விசுவாசம் என்றால் இதுதான் என்றார்கள். 2024 வாக்கில் அந்த எண்ணிக்கை 9,500 அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் திடீரென்று பேண்ட்வேகன் ஆகிவிட்டார்களா? பெருந்தொற்று வந்தது, வீட்டுச் செலவு ஏறியது, ஒரு பருவத்தின் 41 சொந்த அரங்க ஆட்டங்களுக்கும் பணம் கட்டுவது பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கியூபெக் ரசிகர்களின் நிலை இன்னும் கொடுமை. 1995இல் அவர்கள் அணி கொலராடோவுக்கு விற்கப்பட்டு, அடுத்த வருடமே அங்கே கோப்பையை வென்றது. விட்டுப்போனது யார் என்று அங்கே கேட்டால் ரசிகர்கள் பக்கம் யாரும் விரலை நீட்ட மாட்டார்கள்.

இனி அரங்குக்குள். புதிதாக வருபவர் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி நகர்வது பற்றியவை. பந்துக்குப் பதிலாக ஆடும் பக் என்ற ரப்பர் வட்டு ஆட்டத்தில் இருக்கும்போது எழுந்து நடக்கக்கூடாது. நடைவழியின் மேல்முனையில் பணியாளர் உங்களை நிறுத்தி வைப்பார். விசில் ஊதி ஆட்டம் நின்ற பிறகுதான் இருக்கைக்கு இறங்க விடுவார். இதைக் கெடுபிடி என்று நினைத்துச் சண்டை போடுபவர்கள் உண்டு. ஐஸ் ஹாக்கியில் ஒரு கோல் விழ இரண்டு நொடி போதும். நீங்கள் குறுக்கே கடக்கிற அந்த ஐந்து நொடியில் வரிசை முழுக்கப் பத்துப் பேர் அதைத் தவறவிடுவார்கள்.

எப்போது எழுந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஒரு பீரியட் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் ஒன்று) 20 நிமிடம். கடிகாரம் கீழ்நோக்கி ஓடும். 14, 10, 6 நிமிடக் குறிகளைத் தாண்டியபின் வரும் முதல் நிறுத்தத்தில் விளம்பர இடைவேளை விடுவார்கள். கோல் விழுந்த உடனேயோ, ஐசிங் என்ற விதிமீறலுக்குப் பிறகோ, ஓர் அணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளே நடக்கும்போதோ விடமாட்டார்கள், அடுத்த நிறுத்தத்துக்குத் தள்ளிப்போகும். ஐஸைச் சுரண்டும் மண்வெட்டிகளோடு ஆட்கள் சறுக்கிக்கொண்டு வந்தால் அதுதான் அடையாளம். உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் இருக்கிறது. கழிப்பறைக்கு அது போதாது, வரிசையை விட்டு வெளியே போவதற்கோ திரும்பி வந்து உட்காருவதற்கோ போதும். உணவு வாங்கப் பீரியட் இடைவேளையை நம்பினால் எல்லோரோடும் சேர்ந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான். பீரியடின் நடுவில் ஒரு விளம்பர இடைவேளையில் போய், அடுத்த விளம்பர இடைவேளையில் திரும்புபவர்கள் குறைவாகவே தவறவிடுகிறார்கள்.

முன்னால் சாய்ந்து உட்காருவது அடுத்த பிழை. பரபரப்பில் யாருக்கும் வருவதுதான். மேல்தட்டு வரிசைகள் செங்குத்தாக ஏறுவதால், நீங்கள் முழங்காலில் கைவைத்து முன்னால் குனிந்தால் உங்கள் பின்னால் இருப்பவருக்குப் பக்கத்து கோல் பகுதி முழுக்க மறைந்துவிடும். முதுகை நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்தால் எல்லோருக்கும் தெரியும். இதைப் பின்னாலிருப்பவர் பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் உடனே கேட்டுக்கொள்கிறார்கள். தெரியாமல் செய்வதுதானே.

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள் என்று சொல்வது மரியாதைக்காக மட்டும் அல்ல, உயிருக்காகவும்தான். பக் என்பது கடினமாக்கப்பட்ட ரப்பர், 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், 156 முதல் 170 கிராம் எடை. துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் உறையவைத்து எடுக்கிறார்கள். நல்ல அடி மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். 2002 மார்ச்சில் கொலம்பஸ் அரங்கில் பார்வையாளர் பகுதிக்குத் திசைமாறி வந்த பக் பட்டு 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அடுத்த பருவத்திலிருந்து இரண்டு கோல் முனைகளிலும் கண்ணாடிக்கு மேலே வலை கட்டுவதை லீக் கட்டாயமாக்கியது. வலை தொங்குவது முனைகளில்தான். நீளவாக்கில் உள்ள பக்கங்களில் கண்ணாடிக்கு மேலே திறந்தவெளி. அங்கே உட்கார்ந்தால், அதுவும் குழந்தையோடு உட்கார்ந்தால், பக் நகரும்போதெல்லாம் கண் ஐஸ் மேல் இருக்க வேண்டும்.

கண்ணாடியைச் சுவர் என்று நம்புவதும் ஆபத்து. 2001இல் ஃபிலடெல்ஃபியாவில், தண்டனை பெற்ற வீரர்கள் உட்காரும் பெனால்டி பெட்டிக்குள் இருந்த டொராண்டோ வீரர் டை டோமியை நோக்கிப் பாய்ந்த ரசிகர் ஒருவர், கண்ணாடி விலகி அந்தப் பெட்டிக்குள்ளேயே போய் விழுந்தார். டோமி லீகின் பெயர்போன சண்டைக்காரர்களில் ஒருவர். முன்வரிசையில் இருப்பவர்கள் நல்ல மோதலுக்குக் கண்ணாடியைத் தட்டுவது வழக்கம்தான். ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்பது பக்கத்தில் இருப்பவரின் பொறுமையைத்தான் தின்னும்.

பழையவர்கள் புதியவர்களைக் கண்டுபிடிக்கும் முதல் அடையாளம் "ஷூட்!" என்ற கத்தல். எதிரணியில் ஒருவர் பெனால்டி பெட்டியில் இருக்கும் பவர் பிளே நேரத்தில் இது காதைப் பிளக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து பேர் நான்கு பேருக்கு எதிராக வட்டமாகப் பாஸ் கொடுத்துக்கொண்டே நேரத்தை வீணடிப்பதுபோல் தெரியும். உண்மையில் அந்தப் பாஸ்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தடுக்கும் நால்வரும் கோலுக்கு முன் சதுரமாக நின்று, மட்டையாலும் காலாலும் பக் போகும் வழியை அடைக்கிறார்கள். பாஸ் வேகமாகப் பக்கம் மாறினால் கோலி, அதாவது கோல் காப்பவர், இடமிருந்து வலம் நகர வேண்டும். சதுரம் ஒரு கணம் கோணலாகும். அந்தக் கணத்தில் அடித்தால்தான் பலன். வழி அடைத்திருக்கும்போது அடித்தால் பக் யாருடைய முழங்காலிலோ பட்டுத் தெறிக்கும். அதை எடுத்து 200 அடி நீள ரிங்கின் மறுமுனைக்கு அனுப்பிவிடுவார்கள். போய் எடுத்துவந்து மறுபடி அணிவகுக்கப் பதினைந்து இருபது நொடி போய்விடும். இருப்பதே 120 நொடி. லீக் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் ஐந்து பவர் பிளேயில் ஒன்றில்தான் கோல் விழுகிறது.

இதே இடத்தில் இன்னொரு குழப்பம். தன் பாதியிலிருந்தே பக்கை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் அடித்துவிட்டால் அது ஐசிங். விசில் ஊதுவார்கள், அடித்த அணி ஆள் மாற்ற முடியாது, ஆட்டம் அவர்கள் கோலுக்குப் பக்கத்திலேயே மறுபடி தொடங்கும். ஆள் குறைந்து ஆடும் அணிக்கு மட்டும் இதில் விலக்கு. "நடுவர் ஏன் ஊதல?" என்று பவர் பிளேயில் கத்துபவருக்கு இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். சொல்லாமல் முறைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

ஐஸ் மேல் எறிவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாரம்பரியமும் தண்டனையும் கைகோத்து நிற்கின்றன. ஒரே வீரர் மூன்று கோல் அடித்தால் தொப்பி எறியலாம். விதிப் புத்தகமே அதற்கு இடம் கொடுக்கிறது, அணிக்குத் தண்டனை வராது. எறிவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். எதிரணி ஆஃப்சைடு என்று முறையிட்டுக் கோல் ரத்தானால் தொப்பி போனது போனதுதான். டெட்ராய்டில் ஆக்டோபஸ் எறியும் பழக்கம் 1952 ஏப்ரலில் தொடங்கியது. அன்று கோப்பைக்கு எட்டு வெற்றி தேவை, அதற்கு எட்டுக் கால். இப்போது பதினாறு வெற்றி வேண்டும். 1995 அக்டோபரில் ஃப்ளோரிடா வீரர் ஸ்காட் மெலன்பி உடைமாற்றும் அறையில் ஓர் எலியை மட்டையால் அடித்துக் கொன்றுவிட்டு அன்றே இரண்டு கோல் அடித்தார். ரசிகர்கள் பிளாஸ்டிக் எலிகளை மழையாகப் பொழிய ஆரம்பித்தார்கள். 1996 இறுதிச்சுற்று வரை அது போனது. சுத்தம் செய்ய ஆன நேரத்தைப் பார்த்து லீக் விதியை இறுக்கியது.

இறுக்கிய விதி என்ன செய்யும் என்பதை 2016 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா பார்த்தது. அணியின் நிறுவனர் எட் ஸ்னைடர் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அஞ்சலிக்காக ஒவ்வொரு இருக்கையிலும் ஒளிரும் கைப்பட்டை வைத்திருந்தார்கள். வாஷிங்டனிடம் தோற்றுக்கொண்டிருந்த கோபத்தில் ரசிகர்கள் அவற்றையே ஐஸ் மேல் வீசினார்கள். அறிவிப்பாளர் எச்சரித்தார். மறுபடி வீசினார்கள். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காகச் சொந்த அணிக்கே இரண்டு நிமிட பெனால்டி. ஆட்டம் 6-1 என்று முடிந்தது. அது பிளேஆஃப் ஆட்டம், எதிரே ஆடியது லீகின் முதலிட அணி. அன்று வீசியவர்களில் பழைய ரசிகர் யார், புதியவர் யார் என்று யாராலும் பிரித்திருக்க முடியாது.

வீரர்களை வம்புக்கு இழுப்பது ஹாக்கியின் உப்பு. கோலியின் பெயரை இழுத்து இழுத்துப் பாடலாம். தவறவிட்ட பக்கைச் சொல்லிக் காட்டலாம். தோலின் நிறத்தைத் தொட்டால் அங்கேயே எல்லாம் முடிந்தது. 2018 பிப்ரவரியில் சிகாகோவில், பெனால்டி பெட்டியில் இருந்த கறுப்பின வீரர் டெவான்டே ஸ்மித்-பெல்லியைப் பார்த்து உனக்கு ஹாக்கி எதற்கு என்ற இனவெறி அர்த்தத்தில் "பாஸ்கெட்பால்" என்று கத்திய நான்கு பேரை வெளியேற்றினார்கள். பிறகு நிரந்தரமாகத் தடை செய்தார்கள். 2011இல் கனடாவின் லண்டன் நகரில் இன்னொரு கறுப்பின வீரர் வெய்ன் சிமண்ட்ஸ் மீது வாழைப்பழம் எறியப்பட்டது. பக்கத்தில் இப்படி ஒன்று நடந்தால் நீங்களே மல்லுக்கு நிற்க வேண்டாம். பெரும்பாலான அரங்குகளில் குறுஞ்செய்தி அனுப்ப ஓர் எண் இருக்கிறது, பெரிய திரையிலும் காட்டுவார்கள். பிரிவு, வரிசை, இருக்கை எண் மூன்றையும் எழுதி அனுப்பினால் ஆள் வருவார்கள்.

கலவரம் வந்தால் மட்டும் இரு தரப்பும் ஒரே பல்லவி பாடும்: "அவங்க உண்மையான ரசிகர்களே இல்ல." 2011 ஜூன் 15 அன்று இறுதிச்சுற்றின் கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனிடம் 4-0 என்று தோற்ற இரவில் வான்கூவர் நகர மையம் எரிந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். அதே ஊர் 1994லும் இதே மாதிரி ஏழாவது ஆட்டத்தில் தோற்றுக் கலவரம் கண்டது. 1955 மார்ச் 17 அன்று மாண்ட்ரியாலில் நடந்ததையோ யாராலும் அப்படித் தள்ளிவிட முடியாது. மாண்ட்ரியாலின் நட்சத்திர வீரர் மொரீஸ் ரிஷாரை மீதிப் பருவம் முழுக்க விலக்கி வைத்த லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பெல் துணிந்து அரங்குக்கு வந்து உட்கார்ந்தார். கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது, ஆட்டம் நின்றது, வெளியே தெரு சூறையாடப்பட்டது. அவர்கள் அந்த அணிக்காக உயிரைக் கொடுக்கக்கூடியவர்கள். மறுநாள் ரிஷாரே வானொலியில் பேசி அமைதி கேட்க வேண்டியிருந்தது. கலவரக்காரர்களைப் பேண்ட்வேகன் கணக்கில் எழுதிவிட்டால், பழைய ரசிகர்கள் தங்கள் கூட்டத்துக்குள் யார் கை ஓங்குகிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.

பழையவர்கள் கைவிட வேண்டிய பழக்கம் இன்னொன்றும் இருக்கிறது: தேர்வு வைப்பது. "சரி, மூணாவது வரிசை வீரர்கள் பேரைச் சொல்லு" என்று கேட்பார்கள். ஜெர்சி போட்ட பெண்களிடம் இந்தக் கேள்வி அதிகமாகவே வருகிறது. டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவருக்கு நுழைவுத் தேர்வு எதற்கு? புதிதாக வந்தவருக்கு உதவ நினைத்தால் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுங்கள். ஒன்று, பக்கை விட்டுக் கண்ணை எடுத்து, பக் இல்லாத வீரர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்க்கச் சொல்வது. வீரர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவது அப்போதுதான் கண்ணில் படும். இன்னொன்று, முன்வரிசை டிக்கெட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பது. அங்கே மோதலின் சத்தம் அருமையாகக் கேட்கும், தூரத்து முனையில் நடப்பது எதுவும் தெரியாது. பத்துப் பதினைந்து வரிசை மேலே போனால் ஆட்டம் முழுதாக விரியும். பார்க்க விரும்பும் அணி முதல், மூன்றாம் பீரியடுகளில் ஒரே முனையைத் தாக்கும். அந்த முனைப் பக்கம் உட்கார்ந்தால் அவர்களுடைய தாக்குதலை இரண்டு முறை கிட்டத்தில் பார்க்கலாம்.

சீக்கிரம் கிளம்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோல், இரண்டு கோல் பின்தங்கியிருக்கும்போது கடைசி மூன்று நிமிடத்தில் வண்டி நெரிசலுக்குப் பயந்து எழுந்து போகிறவர்கள் இரு வகையிலும் உண்டு. கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும் நேரம் அது. 2013 மே 13, பாஸ்டனில் ஏழாவது ஆட்டம். மூன்றாவது பீரியடில் டொராண்டோ 4-1 என்று முன்னிலை. ஆட்டம் முடிய 82 நொடி இருக்கும்போது பாஸ்டனின் மூன்றாவது கோல். 51 நொடி இருக்கும்போது நான்காவது. கூடுதல் நேரத்தில் பட்ரீஸ் பெர்ஜரான் ஐந்தாவதை அடித்தார்.

கூடுதல் நேரத்துக்கும் கணக்கு உண்டு. லீக் ஆட்டம் சமனில் முடிந்தால் மூவருக்கு மூவர் என்று ஐந்து நிமிடம், பிறகு ஷூட்அவுட். அரை மணிக்குள் வெளியே வந்துவிடலாம். பிளேஆஃபில் ஷூட்அவுட் கிடையாது. ஐவருக்கு ஐவர், முழு 20 நிமிடப் பீரியடுகள், கோல் விழும்வரை ஒன்றன்பின் ஒன்றாக. 1936 மார்ச்சில் டெட்ராய்டும் மாண்ட்ரியால் மரூன்ஸும் ஆறாவது கூடுதல் பீரியட் வரை ஆடின. கோல் விழுந்தபோது நள்ளிரவு தாண்டி இரண்டரை மணியை நெருங்கிவிட்டது. பிளேஆஃப் டிக்கெட் கையில் இருந்தால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள்.